மாசி மாதத்துத் தோட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முகப்பில் இரண்டு செவ்வந்தித் தொட்டிகள், கொல்லையில் இரண்டு. ஒரே கன்று, ஒரே எரு. பொங்கலுக்குக் கொல்லையில் பூத்துக் குலுங்கியது. முகப்பில் இன்றுவரை மொட்டே இல்லை. மகன்கள் மாசியில் முன்னோரை வணங்கும் படைப்புக்கு வருகிறார்கள். அதற்குள் பூக்குமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பூக்காது ஆச்சி. குறை எருவில் இல்லை, முகப்பு விளக்கில் இருக்கிறது. நீண்ட இருட்டைக் கண்டால்தான் செவ்வந்தி மொட்டு வைக்கும். கார்த்திகை, மார்கழி இரவுகளை நம்பி இருக்கும் செடி அது. விடிய விடிய எரியும் விளக்கின் கீழ் நின்றதால் இலையும் தண்டுமாகவே வளர்ந்துவிட்டது. பூப்பதைத் தள்ளிப்போட நினைக்கும் பூ விவசாயிகள் வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவதும் இதனால்தான். இனிப் பகல் நீண்டுகொண்டே போகும். பூத்து ஓய்ந்த கொல்லைச் செடியை நான்கு விரல் உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நட்டு, அடுத்த ஐப்பசி முதல் விளக்கு படாத இடத்தில் வையுங்கள். இந்த ஆண்டுப் படைப்புக்குக் கனகாம்பரம் இருக்கிறது.

கேள்வி: குண்டுமல்லியை இப்போது கவாத்து செய்யலாமா? (வாசகர், தேவகோட்டை)

கார்த்திகையிலேயே முடித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, எரு வைத்துத் தண்ணீர் விடுங்கள். பூ கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

கேள்வி: தொட்டி வைத்த இடத்தில் ஆத்தங்குடிக் கல் கறைபடுகிறது. (வாசகி, பள்ளத்தூர்)

அது சிமென்ட் கல், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தட்டு மட்டும் போதாது. தட்டுக்குக் கீழே மூன்று மரத்துண்டுகள் வைத்துக் காற்றுப் போக வழி விடுங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? (வாசகர், காரைக்குடி)

ஐயாவும் பிள்ளைகளும் சேர்ந்து கனகாம்பர விதை எடுங்கள். பூ உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த கதிர்களைப் பறித்துக்கொள்ளுங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, நடுவில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, கதிரை ஒருமுறை முக்கி எடுத்து வேட்டியில் போடச் சொல்லுங்கள். சற்று நேரம் சத்தமே இருக்காது. பிறகு 'டப்' என்று ஒரு காய் வெடிக்கும். விதை வேட்டியின் ஓரத்துக்கே பறக்கும். ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தூர எறிவது அதன் பிறவிக் குணம். முற்றிய காய்க்குள் நான்கு விதை வரை இருக்கும். எண்ணுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். உங்களிடம் இருப்பது டெல்லிக் கனகாம்பரம் என்றால் காத்திருக்க வேண்டாம். அது விதை கட்டாது, குச்சி வெட்டித்தான் நட வேண்டும்.

கேள்வி: அப்பத்தா வைத்த பிச்சிக்கொடி கொல்லையில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. வீடு ஐந்து பங்காளிகளுக்கும் பொது. இந்த மாசியில் எல்லோரும் கூடுகிறோம். ஆளுக்கொரு கன்று எப்படிக் கொடுப்பது? (வாசகி, கோட்டையூர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதியம் போடுங்கள் அம்மா. ஒடித்து நடுவதைவிட அதுவே நிச்சயம். எல்லோரும் கூடியிருக்கும் நாளிலேயே செய்யுங்கள். ஐந்து தொட்டிகளில் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பிக் கொடியைச் சுற்றி வையுங்கள். பென்சில் பருமனுள்ள கிளையை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் லேசாகக் கீறி, அந்தக் கணு மண்ணுக்குள் போகும்படி புதைத்து, மேலே ஓட்டுத்துண்டு ஒன்றைப் பாரமாக வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். ஒவ்வொரு கிளையையும் அந்தந்தப் பங்காளியே புதைக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி ஒருநாளும் காயக்கூடாது. ஊரில் தங்குபவர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். வேர் பிடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆனியில் கிளையை மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் தாய்க்கொடியிலிருந்து வெட்டிவிடலாம். வெட்டியதும் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டு வாரம் அதே கொல்லையில், அதே நிழலில் இருந்துவிட்டுப் போகட்டும்.