மலையகத்தில் டாட்டூ கடையில் வேலைக்குச் சேரலாமா? ஊர் ஊராகப் போகலாம் என்கிறார்களே, உண்மையா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: வயது 19, ஏ.எல். எழுதியாகிவிட்டது, நன்றாக வரைவேன், டாட்டூ கடையில் சேர்ந்தால் பிழைக்க முடியுமா, நிறைய ஊர் பார்க்கலாம் என்கிறார்களே, வீட்டில் என்ன சொல்வது என்று. நான் நுவரெலியா டவுனில் ஒரு கடையில் குத்துகிறேன். சொந்த ஊர் தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து கிளம்பி இந்த வேலைக்கு வந்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிழைக்கலாம். ஆனால் மலையகத்தில் ஒரே இடத்தில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முடியாது. ஆட்கள் வரும் காலத்துக்கும் வராத காலத்துக்கும் இங்கே அவ்வளவு வித்தியாசம். ஊர் சுற்றுவதை இந்த வேலையோடு வரும் சந்தோஷம் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அரிசி வாங்கும் காசே அந்தப் பயணத்தில்தான் வருகிறது.

ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி கொழும்பே மேலே ஏறி வந்துவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு. அந்தச் சில வாரம் ராத்திரி ஆனாலும் கடைக் கதவைச் சாத்த விடமாட்டார்கள். கூட்டம் பெரிது, வேலை சின்னது: மணிக்கட்டில் ஒரு எழுத்து, காதுக்குப் பின்னால் ஒரு பறவை. மே மாதம் மழை பிடித்ததும் டவுன் வெறிச்சோடும். அப்போது கடையில் ஒருவர் மட்டும் இருப்பார், மற்றவர்கள் பையைத் தூக்குவோம். கிழக்கே அறுகம்பேயில் அலைச்சறுக்கு சீசன் மே வாக்கில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும். வெலிமடை, பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, புத்தள, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று பஸ் மாறி மாறி இறங்கி, அறுகம்பேயை ஒட்டிய பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தால், காலையில் போட்ட ஸ்வெட்டரைப் பார்க்கவே வியர்க்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெற்குக் கரை: ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ. எல்லயில் ஏறக்குறைய வருடம் முழுவதும் வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள், அதனால் இடையிடையே அங்கே இரண்டு மூன்று நாள்.

இப்படிப் போய் வேறொருவர் கடையில் உட்கார்ந்து குத்துவதை கெஸ்ட் ஆர்ட்டிஸ்ட் என்பார்கள். வரும் காசில் அந்தக் கடைக்கு ஒரு பங்கு. பத்தில் மூன்று, நாலு என்று முன்கூட்டியே பேசி, முடிந்தால் எழுதியும் வைத்துக்கொள்ள வேண்டும். தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொத்துவிலில் எனக்கு அறை தரும் முஸ்லிம் நானாவின் மார்க்கத்தில் டாட்டூ கூடாது. அவர் அதை என்னிடம் நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு பொம்பிளைப் பிள்ளை தனியாக இருக்கிறதே என்று தன் வீட்டை ஒட்டிய அறையையே கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் அவர்கள் வீட்டுச் சோறுதான்.

வழி வழியாகப் போகும்போது கற்றுக்கொள்ளும் ஒரு விஷயம், ஆள் எங்கிருந்து வருகிறார் என்பதைவிட எங்கே போகப்போகிறார் என்று கேட்பது. புதுப் பச்சை ஒரு காயம். மேலே ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். எல்லயில் தோளில் குத்திக்கொண்டு மறுநாள் பெரிய பையை மாட்டி லிட்டில் அடம்ஸ் பீக் ஏறினால் வார் உரசியே கெட்டுவிடும். அறுகம்பேயில் காலில் குத்திக்கொண்டு அடுத்த காலையே கடலில் இறங்கவும் ஆசைப்படுவார்கள். ஊருக்குப் பிளேன் ஏறும் முன் கடைசி நாளில் வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்புவேன். வெயிலில் சிவந்து உரிகிற தோலிலும் குத்தமாட்டேன். கையில் வந்த காசை விடுகிறாளே என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் கெட்டுப்போன ஒரு டாட்டூ உலகம் முழுக்கப் படமாகப் போகும்.

இதே கேள்வியைத் தோட்டத்து ஆட்களிடமும் கேட்க வேண்டும், பதில் மட்டும் வேறு. கொழுந்து எடுக்கிற அக்காமார் கணுக்காலில் குத்தக் கேட்டால் மழைக்காலத்தில் வேண்டாம் என்பேன். மலையில் அட்டை ஏறும். அட்டை கடித்தால் இரத்தம் சீக்கிரம் உறையாது, புதுக் காயத்துக்கு மேல் அது வேறு. முன்கையில் என்றால் கொழுந்துச் சாயமும் செடியின் உரசலும். வேலை இல்லாத நாட்கள் தொடர்ந்து வரும் நேரம் பார்த்துத்தான் தேதி கொடுப்பேன். 2021இல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது, அதுவும் எடுத்த கொழுந்தின் நிறை சரியாக இருந்தால். ஒரு சின்னப் பெயருக்கே சில நாள் சம்பளத்தை எடுத்து வைக்கிற அந்தக் கைக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான வேலை இங்கேதான் இருக்கிறது. எங்கள் அப்பாயியின் முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது. தோட்டத்துக்கு ஊசியோடு வரும் ஒரு அம்மாவிடம் சின்ன வயதில் குத்திக்கொண்டதாம். விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் சேர்த்த மை. நகைநட்டு அடகுக் கடைக்குப் போனாலும் போகும், பச்சை மட்டும் கட்டை வேகிற வரைக்கும் கூட வரும் என்று அப்பாயி சொல்லும். மலையகத்தில் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருந்திருக்கும்: தேள், புள்ளி, மூன்று கோடு, யாரோ ஒருவரின் பெயர். நம் ஊரில் பச்சை குத்துவது பெண்களின் கைவேலையாகவே இருந்தது. என்னைப் பார்த்து, இது பொம்பிளைக்கு ஏற்ற வேலையா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

இப்போது தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து, கட்டுநாயக்கா பக்கத்துக் கார்மென்ட்டிலிருந்து வரும் பேத்திகள் அந்த அம்மாயி, அப்பாயி கைப் பச்சையையே தங்கள் கையில் கேட்கிறார்கள். இதுபோல் கஷ்டமான வேலை வேறு கிடையாது. தோல் சுருங்கியிருக்கும், கோடு பரந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மை தோலின் இரண்டாம் அடுக்கில் இருக்கும் உயிரணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவை சாகும்போது விட்டதை அடுத்த அணுக்கள் எடுத்து வைத்துக்கொள்கின்றன. வருடக்கணக்கில் இப்படிக் கைமாறிக் கைமாறி விளிம்பு மங்கிவிடும். பெரியவரை உட்காரவைத்து, தோலை மெதுவாக இழுத்துப் பிடித்து, கண்ணாடித் தாளை வைத்துப் பேனாவால் ஒற்றி எடுப்பேன். அப்புறம் கோலக் கணக்கு. ஒரு வரிசையில் ஐந்து, அடுத்ததில் மூன்று, கடைசியில் ஒன்று என்று புள்ளி போகிறதென்றால் அழிந்துபோன புள்ளி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதற்கு வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை வேண்டும், எந்தப் பயிற்சி வீடியோவிலும் வராது. பேத்தியின் கையில் போடும்போது கோடுகளுக்கிடையே கொஞ்சம் தாராளமாக இடம் விடுகிறேன், அதுவும் ஒரு நாள் பரவும் என்பதால். பல பாட்டிமார் பக்கத்து நாற்காலியிலேயே இருந்து, வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, கடைக்குள் வேலை. சேர்ந்ததும் மெஷின் கைக்கு வராது. முதல் பல மாதம் துடைப்பதும் கழுவுவதும், தோலில் ஒற்றும் மாதிரிப் படமான ஸ்டென்சில் எடுப்பதும்தான். அந்தத் துடைப்பதையே முழு வேலையாக எண்ணிச் செய்யுங்கள். ஊசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் போகிறது, ஆனால் அதற்குள் இரத்தம் இருக்கிறது. மஞ்சள்காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் வரக்கூடியவை. ஊசியும் மைக் கிண்ணமும் கையுறையும் ஒரு ஆளுக்கு ஒரு தடவை. மீண்டும் பாவிக்கிற இரும்புப் பிடிகளை, அழுத்தமான நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கவைத்தேன், சுத்தம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையிலிருந்து வெளியே வாருங்கள். 100 பாகையிலும் சாகாத கிருமி வித்துகள் இருக்கின்றன. ஆட்டோகிளேவ் உள்ளே 121 பாகை வந்து குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். கடற்கரையில் அதன் அழுத்தம் காட்டும் முள் 15 இறாத்தல் காட்டினால் அந்தச் சூடு வந்துவிடும். இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் 18 வரை ஏற வேண்டும். கொழும்பில் வேலை பழகி வந்தவர்களுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

குளிரும் ஒரு தொல்லை. பனி இறங்கும் நாளில் ஸ்டென்சில் காயவே காயாது. ஆள் நடுங்கினால் கோடும் நடுங்கும், தோலும் புல்லரித்துக் கரடுமுரடாகும். ஹீட்டரைப் போட்டு, சுடச்சுட இஞ்சிப் பிளேன்டீ கொடுத்து, அரை மணி பேசிக்கொண்டிருந்த பிறகுதான் தொடங்குவோம். அந்தப் பேச்சில்தான் சிலர் வேண்டாம் என்று எழுந்தும் போவார்கள். போகட்டும், நல்லதுதான்.

மறுக்கவும் தெரிய வேண்டும். எங்கள் கடையில் 18 வயதுக்குக் கீழே இல்லை, குடித்திருந்தால் இல்லை, புத்தர் உருவம் இல்லை. கடைசியாகச் சொன்னதைச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். 2014இல் கையில் புத்தர் டாட்டூவோடு வந்த பிரித்தானியப் பெண் ஒருவரை இந்த நாட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று சொல்லி நட்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனாலும் ஒரு சமயத்தார் வணங்கும் உருவத்தை அவர்கள் ஊரிலேயே காலிலும் தொடையிலும் குத்தித் தருவதில் எனக்குச் சம்மதமில்லை. பொலிஸ், இராணுவம், வெளிநாட்டு வேலை என்று யோசிக்கும் பையன்கள் கையிலும் கழுத்திலும் கேட்டால், வேலை கிடைக்கும் இடத்தில் முதலில் விசாரித்துவிட்டு வா தம்பி என்று அனுப்பிவிடுவோம்.

வருமானம் ஒரே சீராக இருக்காது. 2022 எல்லாருக்கும் நினைவிருக்கும். டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. மை, ஊசி, கையுறை எல்லாமே வெளிநாட்டுச் சாமான். கரண்ட் ஒரு நாளில் 13 மணி நேரம்கூட நின்றது, பெற்றோல் வரிசையால் பஸ்ஸும் அரிது, வெள்ளைக்காரர்களும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் கடையைத் தாங்கியது உள்ளூர் ஆட்கள். கொரியா, டுபாய் என்று கிளம்பிய பிள்ளைகள் புறப்படும் முன் அம்மா பெயரைக் குத்திக்கொண்டு போனார்கள். சீசன் காசில் ஒரு பகுதியை மழைக்காலத்துக்கு என்று ஒதுக்கி வைக்காதவர்கள் அந்த வருடம் இந்த வேலையையே விட்டுவிட்டார்கள். நல்ல கை உள்ளவர்களும் அதில் உண்டு, இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

வீட்டில் என்ன சொல்வது? வாயால் சொல்வதைவிடக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். என் அம்மா ஒரு முழுப் பகல் கடையில் உட்கார்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எதிர்ப்பு இல்லை.

இப்போதே தொடங்கக்கூடியவை சில. தினமும் வரையுங்கள், பென்சிலில் வேண்டாம், அழிக்க முடியாத பேனாவில். தமிழ் எழுத்தை அழகாக எழுதப் பழகுங்கள். பெயர் குத்த வருகிறவர்கள்தான் அதிகம், ‘ற’வும் ‘ண’வும் கோணலாகப் போனால் மன்னிக்கமாட்டார்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேசுமளவுக்கு வேண்டும். சின்ன வயது கிளினிக் அட்டையைத் தேடி மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி, டொக்டரிடம் கேட்டு முதலாவதை இப்போதே போடுங்கள். இணையத்தில் மலிவாக வரும் மெஷினை வாங்கிக் கூட்டாளிகள் கையில் பழகாதீர்கள். பழகுவதற்கு இறைச்சிக் கடையில் பன்றித்தோல் கிடைக்கும்.

எந்தக் கடைக்குப் போவதானாலும் ஏப்ரலில் போகாதீர்கள், ஒருவருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. மழை தொடங்கிய பிறகு, வரைந்த கொப்பியோடு ஒரு வார நாள் காலையில் போய் உட்காருங்கள். அவர்கள் ஆட்டோகிளேவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் எழுந்து காட்டுகிற கடை என்றால் சேரலாம்.