மண்ணுக்குள் ஒளியும் நிறத்துக்கு இவ்வளவு விலையா?

அல்பினோ (நிறமி இல்லாமல் வெளிறிப் பிறந்த) மண் போவாப் பாம்பு ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. விற்பவர் லைசன்ஸ், பெர்மிட் எதுவும் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், செந்தூல்

வாங்காதீர்கள். மண் போவா இனங்கள் எல்லாமே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. பெர்மிட் இல்லாமல் மலேசியாவுக்குள் வரக்கூடாது.

வானவில்லாக மின்னும் சன்பீம் பாம்பைப் படத்தில் பார்த்து 250 வெள்ளி கொடுத்தேன். வந்தது பழுப்புப் பாம்பு. பகலெல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகர், ஜெலுத்தோங்

வந்திருப்பது சரியான பாம்பாகத்தான் தெரிகிறது. அதன் செதிலில் வானவில் சாயம் கிடையாது. செதிலின் மேற்பரப்பு மிக நுணுக்கமான அமைப்பு கொண்டது. வெளிச்சம் சரியான கோணத்தில் விழும்போது பச்சை, நீலம், ஊதா என்று நிறம் பிரிந்து தெரியும். விளக்கை நகர்த்தினால் மறுபடி பழுப்புதான். இது தெரிந்தே விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்து விற்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இது இரவில் உலவும், ஈர மண்ணில் புதைந்து வாழும் உயிர். நம் நாட்டு வயல்களிலேயே இருக்கிறது. விற்பனைக்கு வருபவற்றில் காட்டில் பிடித்தவை ஏராளம். ஒட்டுண்ணியோடு வந்து, அடிக்கடி கையில் எடுப்பதால் மிரண்டு, இரை எடுக்காமலே செத்துப்போகின்றன. 'பண்ணையில் பிறந்தது' என்று யாராவது சொன்னால், எப்போது முட்டை பொரிந்தது, கடைசியாக என்ன தின்றது என்று கேளுங்கள். பதில் வராது.

விளம்பரத்தில் இருந்தது வேறு பாம்பின் படம் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். இந்தப் பாம்பை வைத்திருக்க லைசன்ஸ் வேண்டுமா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள். நீங்களாகப் புதரில் கொண்டுபோய் விடவும் வேண்டாம்.

மண் போவாவுக்கு வெப்ப விரிப்பு அவசியமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

வாங்கினால், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு வாங்குங்கள். வீட்டில் பல்லி வளர்த்தபோது நான் வாங்கிய விரிப்பு சூடேறிக்கொண்டே போய், பிளாஸ்டிக் தொட்டியின் அடி வளைந்துவிட்டது. கடைக்காரர் பில்லும் தரவில்லை, பணமும் தரவில்லை. நம் ஊரில் மண் போவாவைப் படுத்துவது குளிரைவிட ஈரம்தான். மணலைக் காய்ந்தபடியே வைத்திருங்கள்.

இருதலை மணியன் வீட்டில் இருந்தால் செல்வம் கொட்டும் என்று சொல்லி அம்மாவிடம் 3,000 வெள்ளி முன்பணம் வாங்கிவிட்டார்கள். இப்போது போனை எடுப்பதில்லை.
– வாசகி, பட்டர்வொர்த்

அம்மாவைத் திட்டாதீர்கள், தமிழ்நாட்டில் படித்தவர்களே இந்தக் கதையில் பணத்தை விட்டிருக்கிறார்கள். இருதலை மணியனும் ஒரு மண் போவாதான், அதற்கு ஒரே தலைதான். வால் மொட்டையாக இருப்பதால் தலை போலத் தெரிகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். இப்போதே பண மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், அப்புறம் போலீஸ் புகார். வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருப்பது இந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

வாங்கிய நாளிலிருந்து பாம்பு சாப்பிடவில்லை. விற்றவர் பெயர் தெரியாது, ரசீதும் இல்லை. யார் மேல் புகார் செய்வது?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பெயர்கூடக் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டால் எப்படி? புகார் கிடக்கட்டும். ஊர்வன பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள்.