பாலிசி பிள்ளை பேரிலா, அப்பா பேரிலா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வயது 34. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. மகளுக்கு 4 வயது, எல்கேஜி படிக்கிறாள். மகனுக்கு ஒன்றரை வயது. நான் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 6 வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன், மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். கணவருக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் சொல்லி, மகள் பேரில் மாதம் 5,000 ரூபாய் கட்டும் குழந்தைகள் பாலிசி போட்டிருக்கிறோம். பாண்ட் வந்து 10 நாள் ஆகிறது. 15 வருடம் கட்டினால் 14 லட்சம் வருமாம். மாதச் செலவு 41,400, கையில் நிற்பது 4,600. சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எனக்கு மனதே ஒப்பவில்லை. சம்பாதிக்காமல் வீட்டில் இருக்கும் நான் இதைக் கேட்கலாமா என்றும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள். நீங்கள் அனுப்பியிருக்கும் செலவுக் கணக்கைப் பார்த்தால் அந்த வீட்டில் பணம் எங்கே போகிறது என்று முழுதாகத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பால் கணக்கு, வேன் கட்டணம், மாமனார் மாமியாருக்கு அனுப்பும் 4,000 வரை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கேட்காமல் 15 வருடத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டதுதான் தப்பு.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். 2024 முதல் இந்த அவகாசம் 30 நாள். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் செலவு, இத்தனை நாள் பாதுகாப்பு கொடுத்ததற்கான சிறு தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் 20 நாள் இருக்கிறது. கடிதத்தை ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பாலிசிக்கு விண்ணப்பித்தவர், அதாவது உங்கள் கணவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏன் திருப்பச் சொல்கிறேன் என்பதற்கு, பாண்டின் முதல் பக்கத்தில் இருக்கும் அட்டவணையைக் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். ‘ஆயுள் காப்பீடு செய்யப்பட்டவர்’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மகள் பெயர் இருக்கும். அப்படியென்றால் அந்தக் காப்பீடு நான்கு வயதுக் குழந்தையின் உயிருக்கு. அவளுடைய சம்பளத்தை நம்பி வீட்டில் யாரும் இல்லை. நான்கு பேரும் நம்பியிருப்பது உங்கள் கணவரின் சம்பளத்தை. அவருக்கு ஏதாவது ஆனால் இந்த பாலிசி வீட்டுக்கு உடனே ஒரு ரூபாயும் தராது. தவணைத் தள்ளுபடி என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தால் மேற்கொண்டு தவணை கட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அடுத்த மாதமே வந்து நிற்கும்.

வருமானத்தையும் பார்த்துவிடலாம். மாதம் 5,000 என்றால் 15 வருடத்தில் நீங்கள் கட்டுவது 9 லட்சம். அது 14 லட்சம் ஆகிறது என்றால் ஆண்டுக்குச் சுமார் ஐந்தரை சதவீத வளர்ச்சி. அதே 5,000 ரூபாயை அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 8.2 சதவீத வட்டி அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 15 வருட முடிவில் 17 லட்சத்துக்கு மேல் இருக்கும். மேற்கொண்டு எதுவும் கட்டாமல் 21-ஆம் வருடம் வரை விட்டுவைத்தால் 27 லட்சத்தைத் தாண்டும். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பதால் இது உத்தரவாதக் கணக்கு இல்லை. ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரிகிறது அல்லவா?

சரி, அப்படியானால் அந்த 5,000-ஐ அப்படியே செல்வமகளுக்கு மாற்றிவிடலாமா? இப்போது வேண்டாம். ஏனென்றால் அந்த 5,000 உங்களிடம் இல்லை.

உங்கள் பட்டியலில் வேன் கட்டணம் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இல்லை. கடிதத்தின் கடைசியில் வேறு இடத்தில் அது வருகிறது: வருடம் 48,000, இரண்டு தவணை. அதற்காகத்தான் ஜூன் மாதம் இரண்டு பவுன் செயினை அடகுக் கடையில் வைத்து 40,000 வாங்கியிருக்கிறீர்கள், இரண்டு ரூபாய் வட்டிக்கு. 48,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,000. ஆக உங்கள் கையில் நிற்பது 4,600 இல்லை, வெறும் 600. அதுவும் அடகு வட்டி மாதம் 800-ஐக் கணக்கில் சேர்க்காமல். இதற்கு மேல் 5,000 தவணை வந்தால் அடுத்த ஜூனில் இன்னொரு நகை கடைக்குப் போகும். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான். சரியாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திடீர்ச் செலவு ஓய்வதே இல்லை. ராத்திரி காய்ச்சல், உடைந்த கண்ணாடி, இரண்டே மாதத்தில் பத்தாமல் போகும் ஷூ, பள்ளியில் ‘நாளைக்கு வெள்ளை டிரஸ்’ என்று வரும் துண்டுச் சீட்டு. பெரிய பணத்தை எட்ட முடியாத இடத்தில் பூட்டிவைக்கும் காலம் இது இல்லை. அப்பாவின் உயிருக்குப் பாதுகாப்பு, கைக்கு எட்டும் சேமிப்பு, வட்டிக் கடன் ஒழிப்பு. இந்த மூன்றும் நடந்த பிறகுதான் பிள்ளைகளின் கல்லூரி.

கணவர் பேரில் ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். முதிர்வுத் தொகை எதுவும் கிடையாது, அவர் இல்லாமல் போனால் மட்டும் பணம் வரும். 60 வயது வரை 75 லட்சம் போதுமானது. புகைப் பழக்கம் இல்லாத 34 வயதுக்காரருக்கு மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், உடல்நிலையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது இப்போது வசதி. விண்ணப்பத்தில் எதையும் மறைக்க வேண்டாம். எப்போதாவது சிகரெட் என்றாலும் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கடிதத்தின் ஒரு வரியை நான் தாண்டிப் போக முடியவில்லை. கணவர் தன் தம்பியின் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாளை தம்பி கட்டவில்லை என்றால் கடன்காரர் வந்து நிற்பது உங்கள் வாசலில். அதனால் அந்த டேர்ம் பாலிசியை 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு படிவம் கூடுதலாகப் பூர்த்தி செய்ய வேண்டும், செலவு எதுவும் இல்லை. அப்படி எடுத்தால் அந்தத் தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, கணவரின் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. எடுக்கும்போதே சொல்ல வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. பல ஏஜென்ட்டுகள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் வீட்டில் பெரிய கேள்வியாக இருக்கும், தெரியும். டேர்ம் பாலிசியை அவர் மூலமாகவே எடுங்கள். “சித்தப்பா, இது எங்களுக்கு இப்போ தாங்காது, டேர்ம் ஒண்ணு போட்டுக் கொடுங்க” என்று கணவரைப் பேச விடுங்கள். கமிஷன் குறையும், உறவு நிற்கும். அவர் கோபித்துக்கொண்டாலும் அந்தக் கோபம் ஒரு தீபாவளிக்கு மேல் இருக்காது. தவணை 15 வருடம் இருக்கும்.

அடுத்தது அடகு. இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கியில் நகைக் கடன் இதில் பாதிக்கும் குறைவு. வீட்டில் இருக்கும் வேறொரு நகையை வங்கியில் வைத்து 40,000 வாங்கி, கடையில் இருக்கும் செயினை மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு மாதம் 2,000 வீதம் அசலோடு சேர்த்து அடைத்து வாருங்கள்.

இதற்கெல்லாம் பணம்? நகைச் சீட்டு மாதம் 3,000, எட்டு மாதம் கட்டியாகிவிட்டது. மீதி மூன்றையும் கட்டி முடியுங்கள், பாதியில் விட்டால் நஷ்டம். முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி இருப்பதால்தான் அந்தச் சீட்டு 11 மாதத்தோடு முடிகிறது. முடிந்த அன்றே கடையில் அடுத்த சீட்டு அட்டையை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். கல் வைத்தது, டிசைன் வைத்தது எதுவும் வேண்டாம், சேதாரம் குறைந்த சாதா வளையலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டயபர், பால் பவுடர், ஹெல்த் டிரிங்க் எல்லாம் சேர்த்து 3,000 என்று இருக்கிறது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, டாக்டர் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, பால் பவுடர் தேவையில்லை. 2,400 ரூபாய்க்குப் பாலே வாங்குகிறீர்கள். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், பெயரைப் பதிந்து வாங்குங்கள். டயபரை ராத்திரிக்கும் வெளியே போகும்போதும் என்று வைத்துக்கொண்டு பகலில் துணிக்கு மாறினால் பாதி குறையும். துவைக்கிற வேலை உங்கள் தலையில் விழும் என்பது எனக்குத் தெரியும். கணவரும் கை கொடுத்தால்தான் இந்த யோசனை நடக்கும். இதில் மாதம் 1,500 மிஞ்சும்.

தடுப்பூசிக்குத் தனியாரில் 4,000 ஆனது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மகனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய டிபிடி பூஸ்டர், போலியோ பூஸ்டர், தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது ஊசி எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அட்டையோடு போங்கள். அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகள் எது தேவை என்று மட்டும் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

ஆக, இருக்கும் 600, சீட்டு முடிந்தபின் 3,000, இந்த 1,500, எல்லாம் சேர்ந்து 5,100. டேர்முக்கு ஆயிரம், நகைக் கடனுக்கு 2,000, அவசரச் சேமிப்புக்கு 1,500, செல்வமகளுக்கு 500. பள்ளிக் கட்டணத்துக்கான 4,000 தனி. சம்பளம் வந்த மறுநாள் அது வங்கி ஆர்டிக்கு (மாதாமாதம் கட்டும் சேமிப்புக் கணக்கு) போய்விட வேண்டும், வீட்டுச் செலவோடு கலக்கக் கூடாது. சீட்டு முடியும் வரை மூன்று மாதம் இறுக்கமாகத்தான் இருக்கும். அதுவரை டேர்மும் அடகு வட்டியும் மட்டும் போதும்.

செல்வமகள் கணக்கை 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், வருடம் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். மாதம் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும். தீபாவளி போனஸ் வரும் வருடங்களில் ஒரு பெரிய தொகையைப் போடுங்கள். 18 வயதானதும் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

கணவரின் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். இளையவன் பெயர் சேர்க்காமலே இருக்க வாய்ப்பு அதிகம். நகைக் கடன் முடிந்ததும் சொந்தமாக ஒரு குடும்ப பாலிசி எடுங்கள், வேலை மாறினால் கம்பெனி பாலிசி அவரோடு வராது.

இரண்டு வருடத்தில் மகனும் எல்கேஜி போவான். அப்போது கட்டணம் இரட்டிப்பு. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: 46,000 சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே பள்ளி தாங்காது. ஒன்று, மகளை ஒன்றாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பது பற்றிக் கணவரோடு திறந்த மனதோடு பேசுங்கள். தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவியும் கிடைக்கும். அல்லது, நீங்கள் வேலைக்குத் திரும்புவது. மகனுக்கு மூன்று வயதாகும்போது அதை யோசிக்கலாம், இப்போதே ஓட வேண்டியதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தில் திருத்தம் வந்தது. இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன் அதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. 6 வருடம் வேலை செய்தீர்களே, உங்கள் பிஎஃப் என்ன ஆனது? எடுக்காமல் இருந்தால் அது வட்டியோடு வளர்ந்துகொண்டுதான் இருக்கும், 2024-25-க்கு 8.25 சதவீதம். அடகை மீட்க அதை எடுக்க வேண்டாம். பழைய சம்பளச் சீட்டில் யுஏஎன் என்ற பிஎஃப் கணக்கு எண் இருக்கும், அதை வைத்து பிஎஃப் இணையதளத்துக்குள் போய்ப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா அம்மா பெயரை நாமினியாகக் கொடுத்திருந்தால் அது இப்போது செல்லாது. கணவர், பிள்ளைகள் பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.