நாலரை வயது மகனுக்குத் திக்குகிறது, காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஒரு வருடத்துக்கும் மேலாகத் திக்கிப் பேசுகிறான். "அ... அ... அம்மா" என்று ஆரம்பித்து, சொல் வராதபோது கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். என் கணவருடைய அண்ணனுக்கும் திக்குவாய் உண்டு. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். நாக்கு தடித்திருப்பதுதான் காரணம் என்கிறார் ஒருவர். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இந்த மாதமே ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில் சொல்வதும் பொய்யில்லை. 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. ஆனால் உங்கள் மகன் ஆண் பிள்ளை, குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறது, ஒரு வருடமும் தாண்டிவிட்டது. இவை மூன்றுமே திக்கல் நீடிப்பதற்கான அறிகுறிகள். கண்ணை இறுக்குவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சொல்லோடு அவன் மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டான்.

நாக்கில் எந்தக் குறையும் இல்லை. அதே நாக்கால் அவன் பாடும்போது கவனியுங்கள், பெரும்பாலும் திக்காது. பேச்சுத் தசைகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. பரம்பரைக்கும் பங்கு உண்டு. உங்கள் வளர்ப்பு காரணமே இல்லை. அறுவை சிகிச்சை, மாத்திரை எதுவும் வேண்டாம்.

ஆறு வயதுக்குள் நன்றாகப் பலன் தரும் பயிற்சிகளில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் 1980களில் உருவான லிட்கம் முறை. இதில் பயிற்சி தருவது நீங்கள்தான். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் படப் புத்தகம் பார்த்தோ விளையாடியோ பேச வேண்டும். திக்காமல் வந்த பேச்சுக்கு, "அட, சரளமா வந்துச்சே!" என்று பாராட்ட வேண்டும். எப்போதாவது ஒருமுறை மட்டும், திக்கிய இடத்தை மென்மையாகச் சுட்டலாம். எப்போது, எவ்வளவு என்பதை வாரந்தோறும் தெரபிஸ்ட் சொல்லித் தருவார். அவர் இல்லாமல் நீங்களாகத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

அதுவரை, "மெதுவாப் பேசு", "மூச்சு விட்டுட்டுச் சொல்லு" என்று சொல்ல வேண்டாம். அவன் சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்கவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு சிறுவன் "த... த..." என்றதுமே வீட்டில் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். சில மாதங்களில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். பாட்டிலை நோக்கி விரல் நீட்டுவான், அவ்வளவுதான். அன்பில் செய்ததுதான், ஆனால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

உங்கள் மகன் திக்கும்போது அவன் முகத்தைப் பார்த்து, அவசரமில்லாமல் கேளுங்கள். அவன் முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பதில் சொல்லுங்கள். நீங்கள் நிதானமாகப் பேசினால் அவனும் அவசரப்பட மாட்டான்.

அப்புறம், போகும் முன் அவன் வீட்டில் விளையாடிக்கொண்டே பேசுவதை இரண்டு மூன்று நிமிடம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் திக்காமல் பேசிவிடுவார்கள். தெரபிஸ்ட் கேட்க வேண்டியது அந்த வீட்டுப் பேச்சைத்தான்.