4294967297 பற்றிக் கேளுங்கள்

கே: 2³² + 1, அதாவது 4294967297, பகா எண்ணா?

ப: இல்லை. 641 × 6700417. இதே வடிவில் (2இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போக, கூடவே 1) வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்கள் என்பதால் அடுத்ததும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் உடைத்துக் காட்டினார்.

கே: ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தா 641ஐப் பிடித்தார்?

ப: இதைத்தான் கேட்க வேண்டும்! இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64ஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது. பின்னால் லூக்கா என்ற கணிதவியலாளர் 64ஐ 128 ஆக இறுக்கினார். அதன்படி 641 வரை இரண்டே பேர்தான், 257உம் 641உம். 257இல் மீதி 2.

சரிபார்க்கப் பெரிய வகுத்தலும் வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ கூட. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ வருமிடத்தில் −1 போடலாம். இருபுறமும் நான்காம் அடுக்கு எடுங்கள்: 5⁴ × 2²⁸க்கு மீதி 1. 5⁴க்குப் பதில் −2⁴ போட்டால் −2³²க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1க்கு மீதி 0.

கே: என் நிரலில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடுகிறதே?

ப: குறியில்லாத 32 பிட் மாறி. 4294967295 வரைதான் கொள்ளும். தாண்டினால் 0, அப்புறம் 1. 64 பிட்டில் போடுங்கள்.

கே: இலக்கங்களின் கூட்டல் 59, அது பகா எண். அதனால் இதுவும்...?

ப: சம்பந்தமே இல்லை.

கே: 2ஐ வைத்து ஃபெர்மா சோதனை (2இன் 4294967296ஆம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1ஆ என்று பார்ப்பது) ஓட்டினேன். தேறிவிட்டது. 641 கதை தவறு.

ப: சோதனை சரி, முடிவு தவறு. 2³²க்கு மீதி −1, எனவே 2⁶⁴க்கு மீதி 1. சோதனை கேட்கும் அடுக்கு 4294967296. அது 64இன் மடங்கு. தேறாமல் என்ன செய்யும்? இந்த வடிவில் வரும் எண்கள், அதாவது ஃபெர்மா எண்கள், எல்லாமே 2இல் தேறும். 3ஐ வைத்து ஓட்டுங்கள், விழுந்துவிடும்.

கே (அவரே): ஒன்று ஆம், ஒன்று இல்லை என்றால் எதை நம்ப?

ப: 'இல்லை'யை. தேறினால் பகா எண்ணாக இருக்கலாம், அவ்வளவுதான். தோற்றால் பகு எண், பேச்சே இல்லை.

கே (அவரே): 641 இல்லாமல் நிரூபியுங்கள், பார்ப்போம்.

ப: 65536² + 1². 62264² + 20449². இரண்டும் இதே எண். இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத வந்தால் அது பகா எண் ஆகாது. கூட்டிப் பாருங்கள், 32 பிட்டில் அல்ல, தயவுசெய்து.

கே: பகா எண்ணா?

ப: முதல் பதில்.

கே: மொத்தம் எத்தனை வகுத்திகள்?

ப: நான்கு. 1, தான், அந்த 641, 6700417.

கே: இத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைய முடியுமா?

ப: முடியாது. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். 641 அந்த வரிசையில் இல்லை. ஆனால் இரண்டு பக்கம் குறைத்தால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. வடிவியல் தடுக்காது. வட்டத்திலிருந்து பிரித்துக் காண்பதுதான் உங்கள் பாடு.