சத்தியத்தின் மறுபாதி – கடிதம்

அன்புள்ள அம்மா,

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரை மூன்றாம் முறையாகப் பார்த்து முடித்தேன். டிராகன்களோ சிம்மாசனமோ இப்போது மனதில் நிற்பதில்லை. டார்த் தீவின் வீராங்கனை பிரையென் மட்டும்தான் நிற்கிறாள். ஜேமி என்ற வீரன் அவளுக்கு நைட் என்ற வீரப் பட்டம் சூட்டும் காட்சியில் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுகிறேன். ஆனால் என் தோழி சொன்ன ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. “அவளுக்கென்று வாழ்க்கையே இல்லை. முதலில் அரசன் ரென்லிக்காக, அப்புறம் கேட்லின் சீமாட்டிக்காக, அப்புறம் கேட்லினின் மகளுக்காக. வாள் வைத்திருக்கும் வேலைக்காரி. இதைப் போய்ப் பெண்களுக்கான பாத்திரம் என்று கொண்டாடுகிறார்களே” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்ட விசுவாசத்தை இன்றைய பெண் ரசிக்கலாமா? ஜேமி விட்டுப் போகும்போது அவள் அழுவதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. தொடரின் மூல நாவல்களையும் படிக்க வேண்டுமா, தொடரே போதுமா? சிறுபிள்ளைத்தனமான கடிதம் என்றால் மன்னித்துவிடுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

மன்னிப்பெல்லாம் எதற்கு? ஒரு பாத்திரம் உங்களை மூன்று முறை அழவைத்திருக்கிறது. அந்த அழுகையைக் கொண்டுபோய் அடுத்தவர் முன்னால் நிறுத்தி, இது சரியா தப்பா என்று தீர்ப்புக் கேட்கிறீர்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் தோழிமேல் கோபமில்லை, அவர் தனக்குப் பட்டதைச் சொன்னார். கோபம் உங்கள்மேல்தான். அவருக்கான பதில் தொடருக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் கண்ணெதிரே இரண்டு முறை நடக்கிறது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு காதைக் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

கொஞ்ச நாட்களாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது சீசனுக்குப் போங்கள். ரென்லி கொல்லப்பட்டுவிட்டான், பழி பிரையென்மேல் விழுந்திருக்கிறது. கேட்லினோடு தப்பி வருகிறாள். வழியில் மண்டியிட்டுச் சத்தியம் செய்கிறாள்: உங்களுக்குக் காவலாக இருப்பேன், தேவைப்பட்டால் உயிரையும் தருவேன். எல்லோரும் இதோடு கேட்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் தோழியும் இங்கேதான் நிறுத்தியிருக்கிறார். ஆனால் கேட்லின் உடனே பதிலுக்குச் சத்தியம் செய்கிறாள். என் அடுப்பருகே உனக்கு எப்போதும் இடமுண்டு, என் மேசையில் உணவுண்டு, உனக்கு இழிவு தேடித்தரும் எந்தப் பணியையும் உன்னிடம் கேட்கமாட்டேன் என்கிறாள். அதற்கும் முன்னால் பிரையென் ஒரு நிபந்தனை வேறு வைத்திருக்கிறாள்: ரென்லியின் சாவுக்குக் காரணமான அவன் அண்ணன் ஸ்டானிஸை எதிர்கொள்ளும் நாள் வந்தால் என்னைத் தடுக்கக் கூடாது. கேட்லின் அதையும் ஒப்புக்கொள்கிறாள். வேலைக்காரி நிபந்தனை போடுவாளா? எஜமானி அவளிடம் தெய்வங்களின் பேரால் வாக்குக் கொடுப்பாளா?

ஆறாவது சீசனின் முதல் அத்தியாயத்தில் அதே சத்தியம் மறுபடி வருகிறது. பனிக்காட்டில் கேட்லினின் மகள் சான்ஸாவின் முன்னால் மண்டியிடுகிறாள். பிரையென் தன் பங்கைத் தடுமாறாமல் சொல்லிவிடுகிறாள். சான்ஸாவுக்கோ தன் பங்கு நினைவுக்கு வரவில்லை, பாதியில் நின்றுவிடுகிறாள். பக்கத்தில் நிற்கும் பிரையெனின் பணியாள் பாட்ரிக் மெல்ல எடுத்துக்கொடுக்கிறான். இந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த நொடி அதுதான், உங்கள் நைட் பட்டக் காட்சியைவிடவும். சேவகம் செய்கிறவளுக்குத் தன் வரி மனப்பாடம். ஏற்றுக்கொள்கிறவளுக்குத்தான் மறந்துபோகிறது. அப்போது ஒரு பணியாள் பையன் குறுக்கே வந்து அதை நினைவூட்டுகிறான். அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு இது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூல நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் இதை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் விசுவாசப் பிரமாணம் இரண்டு கைகளுக்கும் பொதுவானது. பணிகிறவன் தன் கைகளைக் குவித்துப் பிரபுவின் கைகளுக்குள் வைப்பான், பிரபு அவற்றை மூடிக்கொள்வான். 1020 வாக்கில் பிரான்ஸின் சார்த்ர் நகரத்து ஆயர் ஃபுல்பெர்ட், அக்விட்டேன் பிரபு வில்லியமுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பணிகிறவன் தன் பிரபுவுக்கு எதையெல்லாம் செய்யக் கூடாது, எப்படியெல்லாம் உதவ வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முடிக்கும்போது, இவை அத்தனையையும் பிரபுவும் அவனுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும், தவறினால் நம்பிக்கைத் துரோகி என்று அவனைச் சொல்வதில் தவறில்லை என்கிறார். ஒரு பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில்! நடைமுறையில் எத்தனை பிரபுக்கள் இதை மதித்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் எழுத்தில் இருந்தது, உரக்கச் சொல்லப்பட்டது.

நாம் இதைக் கவனிக்காமல் போவதற்குக் காரணம் உண்டு. கர்ணனையும் கும்பகர்ணனையும் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. செஞ்சோற்றுக்கடன் என்றதும் தின்றவன் என்ன திருப்பித் தந்தான் என்றுதான் கணக்குப் பார்க்கிறோம். சோறு போட்டவன் அந்தச் சோற்றைக் காட்டி எதைக் கேட்டான், எதைக் கேட்டிருக்கக் கூடாது என்று யாரும் விசாரிப்பதில்லை. தவறான போர் என்று தெரிந்தே கும்பகர்ணன் சாகப் போகிறான், நாம் உருகுகிறோம். அவனை எழுப்பி அனுப்பியவனிடம் ஒரு கேள்வி உண்டா? பிரையெனிடமும் இதே பழக்கத்தோடுதான் போகிறோம். அவள் ஏன் இப்படி விசுவாசமாக இருக்கிறாள், அவளுக்கு மானமில்லையா, வாழ்க்கையில்லையா என்று அவளையே கூண்டில் ஏற்றுகிறோம். அந்த விசுவாசத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவர்களை ஏன் கேட்பதில்லை?

நான் எழுத வந்த புதிதில் ஒரு பத்திரிகையில் ஒரு அக்கா மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். மெய்ப்பு மட்டுமில்லை. வரும் கடிதங்களைப் பிரிப்பது, படைப்புகளை முதலில் படிப்பது, அச்சகத்துக்கு அலைவது எல்லாமே அவர்தான். இதழில் அவர் பெயர் எங்கும் வந்ததில்லை. ஆசிரியரின் நிழல் என்று இளைஞர்கள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம், அதில் இளக்காரம் இருந்தது. ஒருநாள் ஆசிரியர், தனக்கு ஆகாத ஒரு கவிஞரைப் பற்றி அவதூறாக ஒரு வாசகர் கடிதம் எழுதி அக்காவிடம் நீட்டினார். தன் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும், நீ ஒரு பெண் பெயரில் படியெடுத்துக் கொடு என்றார். அக்கா தாளை வாங்கவில்லை. “இதை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது” என்றார். கையிலிருந்த மெய்ப்பைக் கடைசிப் பக்கம்வரை திருத்தி முடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. செய்யமாட்டேன் என்றுகூட அவர் சொல்லவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அத்தனை காலமும் அவர் கொடுத்ததற்கு ஒரு மறுபாதி இருந்திருக்கிறது. வாயால் யாரும் சொல்லாத மறுபாதி. அதை அவர் மட்டும்தான் நினைவில் வைத்திருந்தார்.

இப்போது உங்கள் தோழிக்குத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் தொடரில் அதை விட்டுவிட்டார்கள். நாவலில் கேட்லின் செத்தும் முடிந்துபோகவில்லை. உயிர்ப்பிக்கப்பட்டு, அறுபட்ட தொண்டையோடு, பழிவாங்கலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத ஸ்டோன்ஹார்ட்டாகத் திரிகிறாள். அவளுடைய மகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த பிரையென், காயங்களோடு அவள் முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறாள். கையில், கேட்லினின் எதிரி வம்சத்து ஜேமி கொடுத்த வாள், அந்த வம்சத்தின் சிங்கத் தலைப் பிடியோடு. எதிரியின் கையாள் என்று முடிவுகட்ட அது போதாதா? ஜேமியைக் கொல்வதாக ஒப்புக்கொள், இல்லையென்றால் தூக்கு என்கிறார்கள். அவளோடு சேர்த்து அந்தப் பையன் பாட்ரிக்கின் கழுத்திலும் கயிறு ஏறுகிறது.

கவனியுங்கள். உனக்கு இழிவு தேடித்தரும் பணியை உன்னிடம் கேட்கமாட்டேன் என்று தெய்வங்களின் பேரால் சொன்ன அதே பெண்தான் இதைக் கேட்கிறாள். ஜேமி, பிரையெனை நம்பி வாளைக் கொடுத்து, கேட்லினின் மகளைக் காப்பாற்ற அனுப்பியவன். கரடிக் குழிக்குள் ஆயுதமில்லாமல் அவளுக்காகக் குதித்தவன். அவனை ஏமாற்றிக் கொல்வதைவிடப் பெரிய இழிவு பிரையெனுக்கு உண்டா? சத்தியம் உடைந்துவிட்டது, உடைத்தது பிரையென் இல்லை. அங்கே கூடியிருப்பவர்களோ அவளைத்தான் துரோகி என்கிறார்கள், அவள் வாளுக்குத்தான் துரோகப் பெயர் சூட்டுகிறார்கள். வாக்குத் தவறியவள் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றபோது, தேர்ந்தெடுக்கமாட்டேன் என்கிறாள் பிரையென். வேலைக்காரி பேசும் பேச்சா அது?

தொடர் இந்தக் கட்டத்தைத் தவிர்த்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்லினைத் தூய நினைவாக வைத்துக்கொண்டு, பிரையெனுக்கு நல்ல எஜமானிகளை மட்டுமே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் உங்கள் தோழியைப் போன்றவர்களுக்கு அவளுடைய விசுவாசம் சோதனைக்கு உள்ளாகாத ஒன்றாக, வெறும் சுபாவமாகத் தெரிகிறது. பிரையெனாக நடித்த க்வெண்டலின் கிறிஸ்டி என்ற அபாரமான நடிகை கையில் இருந்தும் அந்தக் காட்சியை எழுதாமல் விட்டார்களே!

நைட் பட்டம் பற்றி ஒன்று மட்டும். 2019 ஏப்ரலில் வந்த அந்த அத்தியாயம் அழகானது, அழுங்கள், தப்பில்லை. ஆனால் இதுவரை வெளிவந்த நாவல்களில் அவளுக்கு யாரும் பட்டம் சூட்டவில்லை. ரென்லியின் முன்னால் நடந்த கைகலப்புப் போட்டியில் அத்தனை பேரையும் வீழ்த்தியவள் பட்டமா கேட்டாள்? அவனுடைய மெய்க்காவலில் ஓர் இடம் கேட்டாள். எல்லோரும் அவள் உருவத்தைப் பார்த்துச் சிரித்த காலத்தில், அவளோடு மரியாதையாக நடனமாடியவன் அவன் ஒருவன். மரியாதையை முதலில் கொடுத்தது அவன், உயிரைத் தருவேன் என்றது பிறகு இவள். அங்கேயும் ஒரு மறுபாதி முன்னாலேயே வந்துவிட்டது.

ஜேமிக்காக அழுதாளே என்கிறீர்கள். அழுதால் என்ன? பிரியமானவன் சாகப் போகிறான் என்று தெரிந்தால் யாரும் அழுவார்கள். கவசம் போட்டவள் அழக் கூடாது என்று யார் சொன்னது?

இன்றைய பெண் ரசிக்கலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. எதை ரசிக்கலாம் என்று அனுமதி வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.

நாவலா, தொடரா என்று கேட்டிருந்தீர்கள். நாவல். நான்காவது புத்தகத்தில் பிரையெனின் பார்வையில் எட்டு அத்தியாயங்கள் வருகின்றன. நேரே அதற்குத் தாவாதீர்கள். இரண்டாவது புத்தகத்தில் அவள் கேட்லினிடம் சத்தியம் செய்யும் இடத்தைப் படித்துவிட்டு, மூன்றாவதில் ஜேமியோடு அவள் போகும் பயணத்தையும் கடந்து வாருங்கள். எட்டாவது அத்தியாயத்தை முடித்ததும் தோழியிடம் புத்தகத்தைக் கொடுங்கள். அவர் அப்போதும் வேலைக்காரி என்றே சொன்னால் எனக்கு அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.