பேடு முட்டையிடவில்லையா? முதலில் கையில் பிடித்துப் பாருங்கள்

வீட்டுக்கோழி முட்டை பற்றிக் கேட்டவர்களுக்கு, அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

செங்கலடி: அக்கா, ஆறு பேடும் ஒரு சேவலும் நிற்கின்றன. தவிடும் பழஞ்சோறும் தாராளமாகப் போடுகிறேன். ஆனால் முட்டை குறைந்துகொண்டே போகிறது. எந்தப் பேடு இடுகிறது, எது சும்மா தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் கூடு அடைந்த பிறகு பிடியுங்கள் தம்பி. பகலில் துரத்தினால் உங்களுக்கும் இளைப்பு, கோழிக்கும் இளைப்பு. முட்டை வரும் வாசலின் இரு பக்கமும் இரண்டு எலும்பு நுனிகள் கையில் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் வைக்க இடமிருந்தால் அது இடுகிற கோழி. ஒரு விரலுக்கே இடமில்லையென்றால் நிறுத்திவிட்டது. இடுகிற கோழியின் வாசல் ஈரமாக அகன்றிருக்கும், கொண்டையும் நல்ல சிவப்பாக இருக்கும்.

எலும்பு அகன்றிருக்கிறது, கூட்டில் மட்டும் முட்டையில்லை என்றால்? அது வேறெங்கோ இடுகிறது. விறகுக் குவியல், வைக்கோல் போர், அடுத்த வீட்டு வேலியோரம் எல்லாம் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் கீரியையோ சாரைப்பாம்பையோ சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று நாள் மத்தியானம் வரை கூட்டிலேயே அடைத்து வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாமே நிறுத்தியிருந்தால் தீனிதான் காரணமாக இருக்கும். தவிடும் சோறும் வயிற்றை நிரப்பும், முட்டைக்கு வேண்டிய புரதத்தைத் தராது. முட்டைக் கோழிக்கென்று விற்கும் லேயர் தீனையும் கொஞ்சம் கலந்து கொடுங்கள். அவித்த மீன் கழிவும் கறையானும் நல்லவை. கருவாட்டுத் தலை வேண்டாம், உப்புக் கூடிப்போகும்.

ஏறாவூர்: பண்ணையில் மலிவாக வந்த லேயர் கோழிகளை வாங்கினேன். ஒரு கிழமை இட்டன, பிறகு நின்றுவிட்டது. இறகும் கொட்டுகிறது. சேவல் இல்லாததாலா?

சேவலுக்கும் முட்டை எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. மலிவு என்றபோதே யோசித்திருக்கலாம், நன்றாக இடுகிற கோழியை யார் விற்பார்கள்? வயதான கோழி, இடமும் மாறிவிட்டது, இறகு உதிர்க்கிறது. புது இறகு முளைத்து முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்குப் பிறகும் பழைய அளவு இடாது.

திருக்கோவில்: கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முட்டை ஓடு மெல்லிசாகி, எடுக்கும்போதே உடைகிறது. நோயா?

பெரும்பாலும் வெக்கைதான். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ஓட்டுக்குத் தேவையான கரியமிலவாயு இரத்தத்தில் குறைகிறது. வெக்கையில் தீனியும் எடுக்காது, சுண்ணாம்புச்சத்தும் குறைந்துவிடும். ஓர் ஓட்டில் மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது.

நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதல் மருந்து. உங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஊரி, அதாவது கரையில் கிடக்கும் சிப்பி ஓடு, பொறுக்கி உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, இடித்துத் தனிச்சட்டியில் வையுங்கள். ஓடு கூடுதலாகக் கட்டுவது இரவில், அதனால் பின்னேரம் சட்டியில் ஊரி இருக்க வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலந்து கொடுக்காதீர்கள், வாய் வெந்துவிடும். வெக்கை தணிந்த பிறகும் கோணல் முட்டை, சுருங்கிய ஓடு வந்தால், கூடவே தும்மலும் இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

காத்தான்குடி: பேடு தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கிறது.

மேலே சொன்ன ஊரி இதற்கும் உதவும், மெல்லிய ஓடு உடைந்துதான் ருசி பழகுகிறது. முட்டைப் பெட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். மரத்தில் கடைந்த பொய் முட்டையை வையுங்கள், கொத்திக் கொத்தி அலுத்துவிடும்.

அக்கரைப்பற்று: வெறும் கூட்டில் அடை கிடக்கிறது. தண்ணீரில் முக்கினால் எழும்புமா?

பாவம், விடுங்கள். அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூட்டில், வைக்கோல் இல்லாமல், தீனும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். குஞ்சு வேண்டுமென்றால் சேவலோடு நின்ற பேட்டின் முட்டையை வையுங்கள், 21 நாள்.

வாழைச்சேனை: காலையிலிருந்து முக்குகிறது, வாலைத் தொங்கப்போட்டு நிற்கிறது. முட்டை வரவில்லை.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் அடிவயிறு நனைய இருபது நிமிடம் வைத்திருங்கள். வாசலில் தேங்காயெண்ணெய் தடவி இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், உள்ளேயே முட்டையை உடைத்து எடுக்கவும் பார்க்காதீர்கள், ஓட்டுத் துண்டு முட்டை வரும் குழாயைக் கிழித்துவிடும். பின்னேரத்துக்குள் வராவிட்டால் நாளைக்கென்று வைக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.